அண்ணனிடம் நான் கேட்ட கணக்கு

2019 ஏப்ரல் மாதம், ஆம்பூரில் ஒரு டீக்கடையில், என்னைவிட மூத்தவர் ஒருவரை ஓட்டுக்குக் காசு வாங்கினவர் என்று நாலு பேர் முன்னால் பேசினேன். பேசியதோடு நிற்கவில்லை. ஷூ கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பதால் எனக்கு மட்டும் தெரிந்திருந்த அவருடைய கடன் வரவை அதற்குச் சாட்சியாக எடுத்து வைத்தேன். அவர் செய்ததெல்லாம் தேர்தலைப் பற்றி ஒரு வேடிக்கை சொன்னதுதான்.

நாட்டு நிலைமை மீதிருந்த கவலையில்தான் அப்படிப் பேசினேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடு தனியாக இருக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்களோடு சேர்ந்து இருக்கவும் தெரியவில்லை. அந்தக் கோபத்தை, எனக்கு எந்தக் கெடுதலும் செய்யாத ஒருவர் மீது இறக்கினேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அந்த வருஷம் வேலூர் தொகுதியில் இருந்தவர்களுக்கு நான் எந்த நாட்களைச் சொல்கிறேன் என்பது தெரியும். தமிழ்நாடு முழுக்க ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தல். ஏப்ரல் தொடக்கத்தில் எங்கள் தொகுதியில் நடந்த வருமான வரிச் சோதனையில் 11 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கம் பிடிபட்டது. வாக்காளர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த பணம் அது என்றது தேர்தல் ஆணையம். குற்றம் சாட்டப்பட்டவர்கள் மறுத்தார்கள். ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று ஏப்ரல் 16 அன்று குடியரசுத் தலைவர் வேலூர் தேர்தலை ரத்து செய்தார். வாக்குப்பதிவுக்கு முன்னால் ஒரே ஒரு நாள்தான் பாக்கி. அதை எதிர்த்து மறுநாள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கேயும் ரத்து நின்றது. அதற்கு முன்னால் 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே. நகர் என்று சட்டமன்றத் தொகுதிகளில் இப்படி நடந்திருக்கிறது. பணப் புகாருக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தலே ரத்தானது இந்தியாவில் அதுதான் முதல் தடவை.

ஆம்பூர்க்காரர்களுக்கு இன்னொரு விசித்திரமும் இருந்தது. ஆம்பூர், குடியாத்தம் இரண்டு சட்டமன்றத் தொகுதிகளுக்கும் அதே ஏப்ரல் 18 அன்று இடைத்தேர்தல். 2017இல் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 எம்.எல்.ஏ.க்களில் இந்த இரண்டு ஊர் எம்.எல்.ஏ.க்களும் இருந்தார்கள். மக்களவைத் தேர்தல் நின்றது, இடைத்தேர்தல் நிற்கவில்லை. அதனால் வாக்குச்சாவடிக்குப் போனோம், விரலில் மை வைத்துக்கொண்டோம், எம்.எல்.ஏ.வுக்கு மட்டும் ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினோம். எம்.பி.க்கு ஓட்டுப் போடத் தகுதியில்லாத ஊர், எம்.எல்.ஏ.வுக்கு ஓட்டுப் போட மட்டும் எப்படித் தகுதியுள்ள ஊர் ஆயிற்று என்று வரிசையில் நின்ற எல்லோரும் கேட்டார்கள். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

எங்கள் டீக்கடைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை நடத்துகிறவர், முதலில் நான் சொன்ன மூத்தவர், எங்கள் கம்பெனியின் கட்டிங் பிரிவில் வேலை பார்க்கும் அண்ணன். தோல் பதனிடும் ஷாப்பில் இளமையைக் கழித்து, சுண்ணாம்புக் குழி வேலையில் கை தோல் உரிந்து, இப்போது மகன் வீட்டில் இருக்கும் பாய். அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற வாத்தியார். வாணியம்பாடியிலிருந்து வந்துபோகும் லாரி புரோக்கர் ஒருவர். அப்புறம் நான். எல்லோரும் ஒரே கட்சி இல்லை. ஒரே வீட்டில் மூன்று கட்சி இருப்பதுபோல அந்த ஒரு பெஞ்சில் நான்கு இருந்தன. சாயங்காலம் கம்பெனி பஸ்கள் பெண்களை ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குக் கிளம்பிய பிறகு, அரை மணி நேரம் அங்கே அரசியல் நடக்கும்.

தேர்தல் நேரத்தில் அந்தப் பேச்சுக்குச் சில சட்டங்கள் இருந்தன. எழுதி வைத்ததில்லை, பழகி வந்தவை. கிண்டல் செய்ய நினைக்கிறவர் முதலில் தன் கட்சித் தலைவரைக் கிண்டல் செய்துவிட்டுத்தான் அடுத்த கட்சிக்குப் போக வேண்டும். போனில் வந்த சேதியைச் சொல்கிறவர், அனுப்பியது யார் என்று சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் அன்றைய டீ செலவு அவருடையது. பணத்தில் பந்தயம் கிடையாது. ஜெயித்த கட்சிக்காரருக்கும் சேர்த்துத் தோற்ற கட்சிக்காரர் பிரியாணி வாங்கித்தர வேண்டும், கத்தரிக்காயோடு. முதல் சட்டத்தை அண்ணன்தான் கொண்டுவந்தார் என்று பாய் சொல்வார். அந்தச் சட்டம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. தன் தலைவரைத் தானே கிண்டல் செய்துவிட்டவன் அதற்குப் பிறகு எதிரே இருப்பவனை எதிரியாகப் பார்ப்பது கஷ்டம்.

தோல் தொழில் நடக்கும் ஊர்களில் தேர்தல் பேச்சு வெறும் பொழுதுபோக்காக இருக்க வழியில்லை. 2016 நவம்பரில் பழைய நோட்டு செல்லாது என்றபோது, வாரக் கூலியை ரொக்கமாக வாங்கிக்கொண்டிருந்தவர்கள் என்ன பட்டார்கள் என்பதைக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து பார்த்தேன். 2017 மே மாதம் மாட்டுச் சந்தைகளுக்கு மத்திய அரசு புது விதி கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைக்கும்வரை, இனி தோல் எங்கிருந்து வரும் என்று சின்ன ஷாப்புக்காரர்கள் தவித்தார்கள். அதே வருஷம் ஜூலையில் ஜிஎஸ்டி. பாலாற்றுக்கு நாங்கள் செய்த கேட்டுக்காக 1996இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்தே, டெல்லியில் எழுதும் ஒவ்வொரு வரியும் இங்கே ஒருத்தர் சம்பளத்தைத் தொடும் என்று எங்களுக்குப் பழகிவிட்டது. ஐரோப்பாவில் ஆர்டர் குறைந்தால் இங்கே ஓவர்டைம் நிற்கும். அதனால் எல்லோருக்கும் பயம் இருந்தது. எனக்கு மட்டும் இருந்ததாக நினைத்தது என் முதல் தப்பு.

என் பயம் இப்படி இருந்தது. காலையில் எழுந்ததும் போனை எடுப்பேன். குளிக்கும்போதும் டிவி சத்தமாக ஓட வேண்டும். இரண்டு சேனல் ஒரே கருத்தைச் சொன்னால் மூன்றாவதைத் தேடுவேன். கம்பெனியில் வவுச்சர் போடும்போது தொகையை மாற்றி எழுதிவிட்டுத் திருத்துவேன். மனைவி ஏதாவது கேட்டால் எரிந்து விழுவேன். இதையெல்லாம் பொறுப்பு என்று எண்ணினேன். தூக்கம் கெட்டவன்தான் நாட்டுக்காகக் கவலைப்படுகிறவன், டீ குடித்துச் சிரிப்பவன் நாட்டை விற்றவன் என்பது என் கணக்கு. என் கவலையால் யாருக்கும் ஒரு பைசா பயனில்லை. ஒரு மனிதரைக்கூட வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போகவில்லை. பட்டியலில் பெயர் விட்டுப்போன ஒருவருக்கு விண்ணப்பம் எழுதித் தரவில்லை. அந்த வேலைகளையெல்லாம் வாத்தியார்தான் செய்தார், சிரித்துக்கொண்டே.

தேர்தல் ரத்தான பிறகு வெளியூர் சொந்தக்காரர்கள் போன் செய்து கேட்ட முதல் கேள்வி, “உங்க ஊருக்கு எவ்வளவு வந்துச்சு?” என்பதுதான். சென்னைக்குப் போனாலும் அதே கேள்வி. வேலூர்க்காரன் என்றாலே கையை நீட்டி நிற்பவன் என்று ஆகிவிட்டது. எனக்கு ரொம்ப வலித்தது. ஒரு ரூபாய் கண்ணில் பார்க்காத எத்தனையோ லட்சம் பேரின் ஓட்டு அன்று நின்றுபோனது என்று எல்லோரிடமும் சண்டை போட்டேன்.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம். எல்லோரும் முகம் செத்து உட்கார்ந்திருந்தோம். அண்ணன் டீ கிளாஸை வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

“பொண்ணு மாப்ள ரெண்டு பேரும் மணவறைக்கு வந்தாச்சி. மேளம் வந்தாச்சி. பந்தியில இலை போட்டாச்சி. போலீசு வந்து மொய் நோட்டப் புடிச்சிக்கினு போய்ட்டான். கல்யாணமே நின்னுபோச்சிப்பா. இப்ப பந்தியில குந்தினவன் சாப்பிடறதா, எழுந்து போறதா?”

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நாலு நாளாக யாரும் அப்படிச் சிரிக்கவில்லை. வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீ மாஸ்டர் அடுப்பை விட்டு வெளியே வந்தார். பந்தியில் உட்கார்ந்தவர்கள் நாங்கள்தான் என்பது எல்லோருக்கும் புரிந்தது. எங்களுக்கு நடந்த அவமானத்தை, எங்களைத் தாழ்த்தாமல் சொல்லிவிட்டார். இன்றைக்கு யோசித்தால், அந்த மூன்று மாதத்தில் யாரும் அதைவிடச் சரியாக அந்த நிலைமையைச் சொன்னதாக நினைவில்லை.

நான் சிரிக்கவில்லை.

“உங்க மொய் எவ்வளவுணா?” என்று கேட்டேன். “ஜனவரியில வாங்கின அட்வான்ஸை இந்த மாசம் முதல் வாரத்துல மொத்தமா ரொக்கமாக் கட்டினீங்களே. அது எந்த நோட்டுல எழுதினது?”

என்ன சொல்கிறேன் என்று தெரிந்துதான் சொன்னேன். நாக்கு தவறி வந்த வார்த்தை இல்லை. அவர் பணம் கட்டின நாளே எனக்கு அந்த நினைப்பு வந்திருந்தது. தேர்தல் நேரத்தில் கட்டிங் வேலைக்காரர் கையில் மொத்தமாக ரொக்கம் ஏது என்று ரசீது எழுதும்போதே யோசித்தேன். யோசித்ததை மனதில் வைத்திருந்தேன். அவர் எல்லோரையும் சிரிக்க வைத்த நேரத்தில், அந்தச் சிரிப்பு என் பயத்தை லேசாக்க வந்தது என்று தெரியாமல், என்னைக் கேலி செய்வதாக எடுத்துக்கொண்டு வெளியே விட்டேன். சென்னையில் யாரோ என்னைக் கேட்டதற்காகக் கொதித்த அதே கேள்வியை, என் ஊர்க்காரரிடம், என் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. தன் டீக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

அடுத்து வந்த மாதங்களில் செய்தது அதைவிடக் கேவலம். அவர் வராததையே குற்றத்துக்கு நிரூபணமாக எடுத்துக்கொண்டேன். தப்பு செய்யாதவர் ஏன் ஒதுங்க வேண்டும் என்று லாரி புரோக்கரிடம் வாதாடினேன். மே 23 அன்று நாடு முழுக்க முடிவு வந்தது. ஆம்பூர், குடியாத்தம் இரண்டிலும் திமுக ஜெயித்தது. டெல்லியில் மோடி அரசு திரும்ப வந்து மே 30 அன்று பதவியேற்றது. ஆட்சி யாருடையது என்று முடிந்துபோன பிறகும் எங்கள் தொகுதியில் தேர்தல் பாக்கி. இனி எங்கள் ஓட்டால் ஆட்சி மாறப்போவதில்லை என்று தெரிந்தும் என் பதற்றம் தணியவில்லை. தேர்தல் முடிவை நினைத்துத்தான் பயந்தேன் என்றால் அன்றோடு பயம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. பயம் எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. அதோடு, அண்ணனைப் பற்றி நான் சொன்னது சரி என்று ஆக வேண்டியிருந்தது.

புதுத் தேதி ஆகஸ்ட் 5. ஒரு பக்கம் உதயசூரியனில் டி.எம். கதிர் ஆனந்த், இன்னொரு பக்கம் இரட்டை இலையில் புதிய நீதிக் கட்சித் தலைவர் ஏ.சி. சண்முகம். மொத்தத் தமிழ்நாட்டின் தலைவர்களும் ஒரே தொகுதியில் இறங்கினார்கள். ஜூலைக் கடைசியில் முத்தலாக் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மக்களவையில் அதிமுக அதை ஆதரித்துப் பேசியதும் மாநிலங்களவையில் வெளிநடப்பு செய்ததும் ஆம்பூர், வாணியம்பாடித் தெருக்களில் தினப் பேச்சாக இருந்தன. வாக்குப்பதிவு நடந்த அதே ஆகஸ்ட் 5 முற்பகலில் மாநிலங்களவையில் காஷ்மீரின் 370ஆவது பிரிவு பற்றிய அறிவிப்பு வந்தது. வரிசையில் நின்றவர்கள் போனில் அதைப் படித்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

அன்று மாலை டீக்கடைக்குப் போனேன். பாய் தனியாக உட்கார்ந்திருந்தார். அந்த மசோதாவும் அந்த அறிவிப்பும் என்னைவிட அவரைத்தான் நெருக்கமாகத் தொடும். நான் படபடவென்று பேச ஆரம்பித்தேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“உனக்கு இது எலெக்சன் வந்தா வர்ற பயம். எனக்கு வருசம் பூரா கீது. வருசம் பூரா பயந்துகினே இருக்க முடியாதுபா. அதனாலதான் இங்க வந்து குந்தறேன். சிரிக்க வெக்கிறதுக்கு ஒருத்தன் இருந்தான். அவனையும் நீ அனுப்பிச்சிட்ட.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அந்தச் சிரிப்பு அவருக்கு எதுவாக இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. விளையாட்டுத்தனம் என்று நான் இகழ்ந்த அந்த அரை மணி நேரம், ஒரு முதியவர் அடுத்த நாளைச் சமாளிக்கத் தேடி வந்த இடம். நான் என் பயத்தை மட்டும் அளந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் பயத்தை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9 அன்று எண்ணிக்கை. லீவு போட்டுவிட்டு டீக்கடைக்கே போனேன். மாஸ்டர் டிவி வைத்திருந்தார். முதல் சுற்றுகளில் சண்முகம் முன்னிலை. பிறகு கதிர் ஆனந்த் முந்தினார். வித்தியாசம் பெரிதாகவே இல்லை. எங்கள் கூட்டத்துக்கு எண்ணிக்கை நாள் விளையாட்டு ஒன்று உண்டு. மணிவண்ணன் இயக்கிய ‘அமைதிப்படை’ 1994இல் வந்தது. அதில் ஓட்டு எண்ணிக்கை ஏற ஏறச் சத்யராஜின் அமாவாசை உட்காரும் விதம் மாறிக்கொண்டே போகும். அதைப் பார்க்காத தமிழர் குறைவு. ஒவ்வொரு சுற்றிலும் முன்னிலையில் இருக்கும் கட்சிக்காரர் பெஞ்சில் இன்னும் கொஞ்சம் பின்னால் சாய வேண்டும், காலை இன்னும் உயரத் தூக்க வேண்டும். பின்தங்கினால் உடனே பெஞ்சு நுனிக்கு வந்து கையைக் கட்ட வேண்டும். அதை நடத்திவைப்பவர் எப்போதும் அண்ணன்தான். சுற்று சொல்லி, கால் சொல்லி, வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பார்.

அன்றைக்கு லாரி புரோக்கர் முயன்றார். வாத்தியாரும் ஒரு சுற்று காலைத் தூக்கினார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அப்போது வாத்தியார் பழைய கதை ஒன்றைச் சொன்னார். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் பற்றிய ஒரு ஜோக் வந்தது. அதற்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றமே மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் விட்டுவிட்டார்கள். சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஜோக் சொன்னவனுக்குத் தண்டனை கொடுக்கறது ஆட்சியில இருக்கறவங்க வேலைன்னு நெனச்சேன். நம்ம பெஞ்சுலயே நடந்துச்சி.”

கடைசியில் கதிர் ஆனந்த் 8,141 ஓட்டில் ஜெயித்தார். பத்து லட்சத்துக்கு மேல் பதிவான தொகுதியில் அவ்வளவுதான் வித்தியாசம். மூன்றரை மாதம் நான் தூங்காமல் காத்திருந்த எண் அதுதான். கேட்ட பிறகு எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. என் ஓட்டு எந்தப் பக்கம் விழுந்தது என்பது இந்த வாக்குமூலத்துக்குத் தேவையில்லை.

கிளம்பும்போது பாய் சொன்னார். அண்ணன் கட்டின அந்த ரொக்கம் அண்ணியின் சீட்டுப் பணம். அண்ணி வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைப்பவர், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. தெருப் பெண்கள் சேர்ந்து போட்ட சீட்டை ஏப்ரலில் தள்ளி எடுத்து, புருஷனின் அட்வான்ஸை அடைக்கக் கொடுத்திருக்கிறார். கம்பெனியில் கடன் நிற்கக் கூடாது என்பது அந்த அம்மாவின் பிடிவாதம்.

இதைத் தெரிந்துகொண்டதால்தான் நான் செய்தது தப்பு என்று ஆகவில்லை. அவர் உண்மையிலேயே யாரிடமாவது காசு வாங்கியிருந்தாலும் நான் செய்தது அதே தப்புதான். சம்பளக் கணக்கு என்னிடம் நம்பிக் கொடுத்திருக்கும் பொருள். அதில் ஒரு வரி வெளியே போகக் கூடாது. அட்வான்ஸ் கேட்டு கவுன்டருக்கு வருகிறவர் தன் வீட்டுக் கஷ்டத்தைத்தான் என் முன் வைக்கிறார். அந்தக் கஷ்டத்தை டீக்கடையில் ஆயுதமாக எடுத்தேன். ஓட்டுக்குப் பணம் கொடுக்கிறவர்களைப் பற்றி இரவெல்லாம் கொதித்தேன். கோடிகளில் கொடுக்கிறவர் எவரையும் நான் ஒரு கேள்வி கேட்டதில்லை. என் கைக்கு எட்டியவர் கூலிக்காரர் ஒருவர்தான். அவரைக் கேட்டேன்.

அன்று இரவே அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னார். அண்ணன் பாயில் உட்கார்ந்திருந்தார். தப்பு செய்துவிட்டேன் அண்ணே, மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

“தம்பி, ஊர்ல வேற எவன் கேட்டிருந்தாலும் சிரிச்சிக்கினு போயிருப்பேன். அதுக்கு மேல ஒரு ஜோக்கும் சொல்லியிருப்பேன். நீ கணக்கு நோட்ட வெச்சிக்கினு கேட்ட. அதுக்கு இன்னா ஜோக்கு சொல்றது?”

பிறகு டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

சில வாரம் கழித்து அவர் பெஞ்சுக்குத் திரும்பினார். நவம்பரில் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது, மக்களவைக்கு மட்டும் வேலூர் என்று நின்றது. அதற்கும் ஒரு ஜோக் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

2024இல் அதே இரண்டு பேரும் மறுபடி மோதினார்கள். சண்முகம் இந்த முறை தாமரையில் நின்றார். ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, ஜூன் 4 எண்ணிக்கை. ஆறரை வாரம் பெட்டிக்குள் ஓட்டு இருந்தது. பழைய பயம் எனக்குத் திரும்ப வந்தது. இந்தத் தடவை அதைச் சொல்லிவிட்டேன். “பயமா இருக்குது” என்று பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தை 2019இல் சொல்லியிருந்தால் போதும், மற்றதெல்லாம் நடந்திருக்காது. பாய் எனக்கும் அப்படித்தான் என்றார். வாத்தியார், தன் கட்சித் தலைவர் கூட்டத்தில் பேசிய பேச்சை நடித்துக் காட்டினார். அரை மணி நேரம் கழித்து எழுந்தபோது நாட்டில் எதுவும் மாறவில்லை. ஆனால் அன்று ராத்திரி தூங்கினேன். கதிர் ஆனந்த் இரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். பந்தயத்தில் தோற்றவர்கள் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள்.

நண்பர்களோடு சிரிப்பது கவலையை மறக்கடிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் பெஞ்சில் யாரும் எதையும் மறக்கவில்லை. விலைவாசி, ஆர்டர், தண்ணீர், பிள்ளைகளின் வேலை எல்லாம் அந்த ஜோக்குகளுக்குள்ளேயே இருந்தன. ஒருவர் தனியாகத் தூக்க முடியாத பயத்தை ஐந்து பேர் பங்குபோட்டுக்கொண்டார்கள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பங்கு நிலைக்க ஒரு நிபந்தனை உண்டு. கேலி மேடையில் இருப்பவர்களை நோக்கிப் போகும்வரைதான் அது எல்லோருக்கும் சொந்தம். பெஞ்சில் இருக்கும் ஒருவர் மீது திரும்பினால், அவருடைய வறுமை மீது, மதத்தின் மீது, சாதி மீது, கடன் மீது திரும்பினால், அது அவமானமாகிவிடும். சொன்னவனுக்கு ஒரு நிமிஷம் தெம்பு வரும். கேட்டவனுக்கு அந்த இடமே இல்லாமல் போகும்.

அண்ணன் இன்றும் எங்கள் கம்பெனியில்தான் இருக்கிறார். பார்த்தால் பேசுவார், பிள்ளைகளை விசாரிப்பார். ஆனால் 2019க்குப் பிறகு ஒரு தடவைகூட என் கவுன்டருக்கு வந்து அட்வான்ஸ் கேட்டதில்லை. மகள் கல்யாணத்துக்குக்கூட வெளியே வட்டிக்கு வாங்கினார். என்னிடம் கேட்டிருந்தால் வட்டியில்லாமல் கிடைத்திருக்கும். அந்த வட்டியை அவர் கட்டுவதற்குக் காரணம் நான்.

இதைப் படிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். தேர்தல் வரும், பயம் வரும், வரட்டும். வீட்டுக்குள் போனோடு உட்காராதீர்கள், நாலு பேர் இருக்கும் இடத்துக்குப் போங்கள். பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். உங்கள் தலைவரை முதலில் கிண்டல் செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் எவ்வளவு வாங்கினாய் என்று மட்டும் கேட்காதீர்கள். ஏற்கெனவே கேட்டுவிட்டிருந்தால் அடுத்த தேர்தல்வரை காத்திருக்காமல் இன்றைக்கே அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள். நான் மூன்றரை மாதம் தாமதமாகப் போனேன். அது ரொம்பத் தாமதம்.